வயிறு எப்படி இருக்கு

பத்து நாற்பதுக்கு வயிறு முதல் தடவை புரண்டது. இடப்பக்கம், தொப்புளுக்குக் கீழே, ஈரத்துணியை யாரோ பிழிவது மாதிரி ஒரு முறுக்கு, விட்டது, மறுபடி முறுக்கியது. தங்கபுஷ்பம் டீச்சர் கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் அப்படியே நின்றாள். ஒன்றுமில்லை, வாயுதான், வெறும் காற்று, நடந்தால் கலைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள், நடந்தால் இன்னும் கீழே இறங்கும் என்று நின்றாள், நின்றால் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று மறுபடி நடந்தாள். யாரும் பார்க்கவில்லை. இருபது தலைகளும் குனிந்திருந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்கு, பத்தேகாலுக்கு எழுத ஆரம்பித்தார்கள், ஒன்றேகாலுக்கு முடிப்பார்கள், அதுவரை இந்த அறை அவள் பொறுப்பு, கதவைத் தாண்டி ஓர் எட்டு வைக்கக்கூடாது. இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். அதை நிமிஷமாக்கினாள், நூற்று ஐம்பத்தைந்து, ஆக்கியிருக்கக்கூடாது, அப்போதுதான் பெரிதாகத் தெரிந்தது. மாடியில் கடைசி அறை இது. கழிப்பறை கீழே, மைதானத்தின் அந்தக் கோடியில், வேப்பமரத்துக்குப் பின்னால். இந்தப் பள்ளிக்குத் தேர்வுப் பணிக்கு வந்த முதல் நாளே அதைத்தான் அவள் கண் தேடியது. ஏழு மாதமாக எங்கே போனாலும் அப்படித்தான், கல்யாண வீடோ, கோயில் கூட்டமோ, முதலில் அது எங்கே இருக்கிறது, எத்தனை எட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா. நாற்பத்தொன்பது வயதில் உலகம் இப்படிச் சுருங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வந்தால் பயம், சிரித்தால் வயிறு குலுங்கும். காலையில் ஒரு மாத்திரை, நேற்று ராத்திரி ஒரு மாத்திரை, வெள்ளையாய், நீளமாய், தொண்டையில் ஒட்டி ஒட்டி இறங்குகிற மாத்திரை, பதினொரு நாளாகத் தொடாமல் வைத்திருந்துவிட்டு நேற்று திடீரென்று எடுத்துப் போட்டுக்கொண்டது. நேற்று சாயங்காலம் சுகர் பார்க்கிற கருவியில் விரலைக் குத்திப் பார்த்தபோது முன்னூற்றுப் பதினெட்டு. முன்னூற்றுப் பதினெட்டு என்பது வெறும் எண், பானிபட்டுக்கும் பக்சாருக்கும் வருஷம் சொல்லிக்கொடுத்து எண்களோடு வாழ்கிற சரித்திர டீச்சருக்கு அது என்ன, ஆனால் அந்த எண்ணைப் பார்த்த கையோடு அவள் காலைப் பார்த்தாள். வலது காலில் இரண்டாவது விரல். புதுச் செருப்பு கடித்த இடம். கடித்தது பிப்ரவரி கடைசியில், இது மார்ச் பாதி தாண்டிவிட்டது, தோல் மூடவே இல்லை, ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாய், வலியும் இல்லை. வலி இல்லாததுதான் பயம். ராஜபுஷ்பம் அக்காவுக்கும் வலிக்கவில்லை.

அக்காவை நினைக்காதே. வேறு ஏதாவது நினை. மின்விசிறியை நினை, மூன்று இறக்கையில் ஒன்று வளைந்திருக்கிறது, சுற்றும்போது டக் டக் என்கிறது. இந்த முறுக்கு போய்விட்டதா, போய்விட்டது மாதிரிதான் இருக்கிறது, அப்பாடா. இல்லை, உள்ளே ஓடுகிறது, குடுகுடுவென்று சத்தம், முதல் பெஞ்சுப் பையன் தலையைத் தூக்கினான், அவனுக்குக் கேட்டிருக்குமோ, இல்லை, விடை யோசிக்கிறான். உள்ளே என்னதான் நடக்கிறது. பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது, நஸ்ரின், சின்ன வயசு, முக்காடு போட்ட முகம், எதையும் நிதானமாகச் சொல்லுகிற பெண். ஜூலையில் முதல் தடவை மாத்திரை எழுதிக்கொடுத்தபோது மேஜைமேல் இருந்த குடல் படத்தைத் திருப்பிவைத்துச் சொன்னாள். "டீச்சர், நம்ம குடலுக்குள்ள கோடி கோடியா கிருமிகள் இருக்கு. நோய்க் கிருமி இல்ல, நம்ம கூடவே குடியிருக்கிறது, நாம சாப்பிடறதை அதுவும் சாப்பிடும். இந்த மாத்திரை ஈரல்ல மட்டும் வேலை செய்யல, குடல்லயும் செய்யுது. அங்க சில கிருமிகள் பெருகும், சிலது குறையும். சுகர் குறையறதுல அந்த மாத்தத்துக்கும் பங்கு இருக்குன்னு இப்ப சொல்றாங்க. வயிறு கலக்கறதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம், இன்னும் முழுசாத் தெரியல. அதனாலதான் ஒரேயடியா எழுதல. முதல் வாரம் ஐநூறு, ஒரு வேளை, சாப்பாட்டோட. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். குடல் பழகணும். நடுவுல விட்டுட்டா திரும்ப முதல்லேருந்துதான்." தங்கபுஷ்பம் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது வயிற்றைப் பார்த்தாள். இந்தத் தோலுக்குப் பின்னால் கோடி கோடியாய் எதுவோ இருக்கிறது, அவள் பிறந்ததிலிருந்து இருக்கிறது, அவளைக் கேட்டா வந்தது, இப்போது ஒரு மாத்திரை போட்டதும் அதில் பாதி செத்து பாதி பெருகுகிறது, அதையும் அவளைக் கேட்டா. சுகர் குறைவதும் அதனால், மானம் போவதும் அதனால். காப்பாற்றுகிற அதே வேலையைச் செய்துகொண்டே அவமானப்படுத்தவும் செய்யுமா ஒன்று. செய்யும். நடுவில் விட்டால் முதலிலிருந்து. விட்டாளே. பதினொரு நாள் விட்டுவிட்டு ஐநூறு இல்லை, ஆயிரம், ராத்திரி ஆயிரம், காலையில் ஆயிரம், இரண்டு இட்லியில் ஒன்றரையை மிச்சம் வைத்துவிட்டு ஏறக்குறைய வெறும் வயிற்றில். தெரிந்தே செய்தாள். விரலைப் பார்த்த பயத்தில் செய்தாள். டாக்டர் இன்னொன்றும் சொன்னாளே, "ஒத்துக்கலைன்னா சொல்லுங்க டீச்சர், மெதுவா கரையற மாத்திரை இருக்கு, அளவைக் குறைக்கலாம், வழி நிறைய இருக்கு, நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்." ஆகஸ்டில் கேட்டாள், வயிறு எப்படி இருக்கு. நவம்பரில் கேட்டாள், வயிறு எப்படி இருக்கு. ஜனவரியில் கேட்டாள். மூன்று தடவையும் தங்கபுஷ்பம் சொன்ன பதில், நல்லாருக்கு டாக்டர்.

ஏன் அப்படிச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் எபனேசர் உட்கார்ந்திருந்தார், அதனால். நல்ல மனுஷன், கட்டினவளுக்கு ஒன்று என்றால் துடித்துப்போவார், துடித்து அடங்கமாட்டார், அதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுவார். கர்ப்பப்பையில் கட்டி என்று ஸ்கேன் எடுத்தபோது அப்படித்தான் செய்தார், மைக்கில் வாசித்தார்கள், நம்முடைய சகோதரி தங்கபுஷ்பத்தின் கர்ப்பப்பைக்காக என்று, பின்வரிசையில் அவளிடம் படித்த பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். இனி வயிற்றுப்போக்குக்காக என்று வாசிப்பார்கள். அந்த ஒரு வார்த்தை அந்த மைக்கில் வருவதை நினைத்துத்தான் நல்லாருக்கு டாக்டர் என்றாள். அவர் வராத அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஜனவரியில் அவர் வரவில்லையே. அன்றைக்கு அறைக்குள் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் இல்லாவிட்டால் சுவர் இருந்திருக்கும். பொய் சொன்ன பிறகு உண்மை சொல்வது முதலில் சொல்வதைவிடக் கஷ்டம், அத்தனை நாளும் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே. அக்டோபரில் தூத்துக்குடி பஸ்ஸில் வல்லநாடு தாண்டி அவள் எழுந்து ஓடி டிரைவரிடம் நிறுத்தச் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. வாந்தியா அம்மா என்று கேட்டார் டிரைவர். ஆமாம் என்றாள். இறங்கினாள். உடைமரங்களுக்குப் பின்னால் அவள் குந்தியிருக்க, பஸ் நிறையச் சனம் காத்திருக்க, ஒருவர் ஹாரன் அடிக்கச் சொன்னார். திரும்பி ஏறியபோது ஒரு பெண் எலுமிச்சம்பழம் நீட்டினாள், மோந்து பாருங்க, வாந்தி நிக்கும். வாங்கி மோந்து பார்த்தாள். அந்த எலுமிச்சை வாசம் இப்போதும் மூக்கில் ஏறுகிறது, ஏறியதும் வயிறு முறுக்கியது, இது இரண்டாவது, இது காற்று இல்லை. மணி பதினொன்று ஐந்து. அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளங்கையில் வேர்வை. வேர்வை பின்கழுத்திலும். இறுக்கிப் பிடி, மூச்சை விடாதே, விடு, கொஞ்சமாய் விடு, ஒன்று, இரண்டு, மூன்று, கண்ணை மூடினால் பிள்ளைகள் தூங்குகிறாள் என்று நினைப்பார்கள். இருபத்து மூன்று எண்ணுவதற்குள் அலை இறங்கியது. இறங்கியது என்றால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒதுங்கி நிற்கிறது.

ஆள் கூப்பிட்டு மாற்று டீச்சர் கேட்கலாம். கேட்கலாமா. தமிழ்த் தேர்வு அன்றைக்கு இரண்டு தடவை கேட்டாள், அன்றைக்குக் காலையிலும் மாத்திரை போட்டிருந்தாள், வயிறு அடங்கவில்லை. இரண்டாவது தடவை இறங்கி வந்தபோது அலுவலக அறையில் முதன்மைக் கண்காணிப்பாளர் வேலாயுதபெருமாள் சார், பத்துப் பேர் நடுவில், "என்ன டீச்சர், வேலைக்கு வந்தீங்களா, ஊர் சுத்திப் பார்க்க வந்தீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார், "ஹாலை விட்டு அடிக்கடி வெளிய வர்ற டீச்சர்னா வினாத்தாள் வெளிய போகுதுன்னு பறக்கும் படைக்காரன் எழுதிடுவான். இன்னொரு தடவைன்னா நான் ரிப்போர்ட் பண்ணணும், வருத்தப்படாதீங்க." அன்றைக்கு ராத்திரி முடிவு செய்தாள், தேர்வு முடியும்வரை மாத்திரை வேண்டாம். பதினொரு நாள் வயிறு அமைதியாக இருந்தது. பதினொரு நாள் சந்தோஷம், பதினொரு நாள் தாகம், பதினொரு நாள் வாயில் இனிப்பாய் ஒரு கசப்பு. மனுஷி நடமாட வேண்டுமென்றால் மாத்திரை வேண்டாம், உயிரோடு இருக்க வேண்டுமென்றால் மாத்திரை வேண்டும். அக்காவும் விட்டாள். நாசரேத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, எனக்கு இது ஒத்துக்கல புள்ள என்று சொல்லி விட்டாள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லவில்லை, தங்கபுஷ்பமும் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது எது என்று. முதலில் ஒரு விரல் எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லாத பாதத்தைச் சொறியச் சொல்லி அழுதாள். அவள் வயிற்றில் இருந்த கிருமிகளும் இதே மாத்திரைக்குப் பழகாமல் போனவைதானா, ஒரே தாயின் சோற்றைத் தின்று வளர்ந்த இரண்டு வயிறுகள், உள்ளே குடியிருப்பதும் ஒன்றாகவே இருக்குமோ, அப்படியென்றால் முடிவும் ஒன்றா. விரல் செருப்புக்குள் ஈரமாக இருக்கிறதா. குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் தீர்ந்தது.

"மிஸ்."

நான்காவது பெஞ்சு ஓரத்துப் பெண் எழுந்து நின்றாள். தேர்வு நுழைவுச்சீட்டில் பார்த்த பெயர் முப்புடாதி, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, கையெல்லாம் மை. தங்கபுஷ்பம் பக்கத்தில் போனாள். "மிஸ், வெளிய போணும் மிஸ்." பதினொன்று இருபது. "கொஞ்சம் பொறு. தண்ணி குடுக்கிற அக்கா வரட்டும், அவங்களோட அனுப்புறேன்." "மிஸ், தேதி இன்னைக்கு இல்ல மிஸ், திடீர்னு வந்துட்டு. துணியில பட்டுரும்." கண் விடைத்தாளிலேயே இருந்தது, பாதிக் கணக்கில் நின்ற கோடு. "உக்காரு. அக்கா வந்துருவா" என்றாள் தங்கபுஷ்பம். சொன்ன குரல் வேலாயுதபெருமாள் சார் குரல் மாதிரி இருந்தது, வருத்தப்படாதே என்று சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. பெண் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுதவில்லை, தொடைகளை ஒட்டி வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். தங்கபுஷ்பம் வராந்தாவில் தலையை நீட்டிப் பார்த்தாள். யாருமில்லை. வெயில்தான் நீளமாய்ப் படுத்திருந்தது. அக்கா கீழ்த் தளத்தில் இருப்பாள். கூப்பிட்டால் கேட்காது, கத்தினால் எல்லா அறையும் கேட்கும். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பதினொன்று முப்பது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒரு வரி எழுதினாள், அடித்தாள். எழுதவேண்டிய பிள்ளை, இந்த ஒரு தாளுக்காக எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வந்தாளோ, அவளுக்கும் வயிறு அவளைக் கேட்காமல் ஒன்று செய்கிறது, இங்கே நிற்கிற பெரிய மனுஷி சட்டம் பேசுகிறாள். மூன்றாவது அலை வந்தது. இது முறுக்கு இல்லை, இறக்கம். மொத்தமாய் ஏதோ கழன்று கீழே வருகிற கனம். இருபத்து மூன்று எண்ண முடியாது, ஏழுகூட எண்ண முடியாது. இங்கேயே நடக்கும், கரும்பலகைக்கு முன்னால், இருபது பிள்ளைகள் முன்னால், வெளிர்நீலப் புடவையில், அதை அவர்கள் சாகிறவரைக்கும் சொல்வார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். அவளுக்கே தெரியாமல் கை அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டது. "வா" என்றாள். அறையைப் பார்த்து, "யாரும் திரும்பக்கூடாது. நான் இப்ப வந்துருவேன்" என்றாள். அது கட்டளையாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது.

படி இறங்கியது ஞாபகமில்லை. மைதானம் ஞாபகமிருக்கிறது, மணல் சுட்டது செருப்புக்குள்ளே தெரிந்தது, ஓடக்கூடாது, ஓடினால் விட்டுவிடும், தொடையை ஒட்டி ஒட்டி வைத்து நடக்கும் நடையில் இருவரும் ஒரே மாதிரி நடந்தார்கள், டீச்சரும் பிள்ளையும். கைப்பையில் ஒரு நாப்கின் இருந்தது, மாதவிலக்கு நின்று ஒரு வருஷமாகியும் பழக்கத்தில் வைத்திருந்தது, அதை எடுத்து அவள் கையில் திணித்தாள். இரண்டு கதவு. ஒன்றில் அவள், ஒன்றில் இவள். தாழ்ப்பாள் போட்டாளா இல்லையா தெரியாது. பிறகு நடந்ததில் அவளுடைய பங்கு எதுவுமில்லை, உடம்பு தன் வேலையைப் பார்த்தது, அவள் சுவரில் கையூன்றிக் கண்ணை மூடியிருந்தாள், கண்ணீர் எதற்கு வருகிறது என்று தெரியாமல் வந்தது, நிம்மதிக்கா, அவமானத்துக்கா, பக்கத்துச் சுவருக்கு அப்பால் நிற்கிற பிள்ளைக்கு எல்லாச் சத்தமும் கேட்குமே என்பதற்கா. குழாயைத் திருகினாள். காற்று வந்தது. மறுபடி திருகினாள். ஒரு சொட்டு வந்தது, இன்னொரு சொட்டு வரவில்லை. வாளி காய்ந்து கிடந்தது. கைப்பையில் இருந்த குடிதண்ணீர் பாட்டிலில் பாதி இருந்தது, அதில் தன்னைச் சுத்தம் செய்துகொண்டாள், தரைக்குப் போதவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். அப்படியே விட்டுவிட்டு வந்தோமே, யாராவது வந்தால், யாராவது பார்த்தால், இதைச் செய்தது யார் என்று கேட்டால். முப்புடாதி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள், டீச்சர் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தாள், "போலாமா மிஸ்?" என்றாள், அவ்வளவு மெதுவாக.

அறை வாசலில் ஜீப் டிரைவர் நின்றான். உள்ளே பறக்கும் படை. வேலாயுதபெருமாள் சார் மேஜைக்கு அருகில், முகம் செத்துப்போய். படையிலிருந்து ஒரு அம்மா, கண்ணாடி போட்டு, கட்டைக்குரல், திலகவதி என்று சார் கூப்பிட்டதில் பெயர் தெரிந்தது, முப்புடாதியின் விடைத்தாளைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். "ஹால் சூப்பர்வைசர் நீங்கதானா?" "ஆமா மேடம்." "பத்தொம்பது பிள்ளைங்களை அம்போன்னு விட்டுட்டு இந்த ஒரு பிள்ளையை மட்டும் எங்க கூட்டிட்டுப் போனீங்க?" "பாத்ரூமுக்கு மேடம்." "கூட்டிட்டுப் போறதுக்கு ஆள் போட்டிருக்கு. நீங்க ஏன் போனீங்க? இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?" "ஒண்ணும் வேணாம் மேடம், இன்னைக்குத்தான் பாக்கேன்." "அப்ப வெளிய என்ன குடுத்தீங்க அவளுக்கு?" முப்புடாதி அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. "உடம்பு சரியில்ல மேடம்" என்றாள் தங்கபுஷ்பம். "யாருக்கு?" இந்த இடத்தில் நேரம் நின்றுவிட்டது. பிள்ளைக்கு என்று சொல்லிவிடலாம். பிள்ளைக்கு என்பது பொய்யுமில்லை. எல்லாருக்கும் புரிகிற, யாரும் மேலே கேட்காத காரணம், பெண்பிள்ளை விஷயம், சார்கூடத் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு வார்த்தைதான், பிள்ளைக்கு. ஆனால் பிள்ளைக்கு என்றால் ஆளைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாமே என்பார்கள், டீச்சர் ஏன் போனாள் என்பார்கள், போனது எதையோ கொடுக்கத்தான் என்பார்கள், விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதுவார்கள், இந்த வருஷம் போய்விடும், இந்தப் பிள்ளையின் இந்த வருஷம். நல்லாருக்கு டாக்டர் என்று நாக்கு நுனியில் வந்து நிற்கிற அதே இடம். இருபது பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத்தான் மேடம். எனக்குச் சுகர். அதுக்குச் சாப்பிடற மாத்திரையால வயித்தால போகுது. அடக்க முடியல. இந்தப் பிள்ளைக்கும் அவசரம், அதனால ரெண்டு பேருமாப் போனோம்." வயித்தால என்ற சொல் அறையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. திலகவதி மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. நான் எதை வச்சு நம்பறது?" தங்கபுஷ்பம் சொன்னாள், "குழாயில தண்ணி வரல மேடம்." "அதுக்கு?" "அப்படியேதான் கிடக்கு. போய்ப் பாருங்க." சொல்லிவிட்டாள். வாழ்நாளில் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் கேட்கக்கூடாததைக் கேட்டாகிவிட்டது. மேடம் விடைத்தாளைச் சாரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். போனவள் வருகிறவரைக்கும் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை முப்புடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், அந்தப் பிள்ளைகிட்ட பேப்பரைக் குடுங்க சார், எழுதட்டும்" என்றாள் தங்கபுஷ்பம். "எப்படிக் குடுக்கறது டீச்சர், முடிவு தெரியாம?" முடிவு வேப்பமரத்துக்குப் பின்னால் ஈ மொய்த்துக் கிடக்கிறது. அவள் உள்ளே குடியிருப்பவை, அந்தக் கோடி கோடி, மாத்திரை விரட்டி வெளியே தள்ளியவை, அங்கே கிடந்து அவளுக்குச் சாட்சி சொல்லப்போகின்றன. அதைச் சாட்சியாகக் கூப்பிட்ட பிறகு மிச்சம் என்ன மானம் இருக்கிறது, எதைக் காப்பாற்ற ஏழு மாதம் வாயைப் பொத்திக்கொண்டாள், அக்கா எதைக் காப்பாற்றினாள். கால்கள் வலித்தன, உட்கார நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. ஆறு நிமிஷம் கழித்து மேடம் வந்தாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. யாரையும் பார்க்காமல், "பிள்ளைய எழுதச் சொல்லுங்க" என்றாள்.

முப்புடாதி எழுதினாள். போய்விட்ட நிமிஷங்களை யாரும் திருப்பித் தரவில்லை, ஆனால் விடைத்தாளில் சிவப்பு மை விழவில்லை. வேறு ஒரு டீச்சர் அறைக்கு வந்தார். தங்கபுஷ்பத்தைப் பணியிலிருந்து விடுவித்து அலுவலக அறைக்குக் கூட்டிவந்தார்கள், அறையை விட்டுப் போனது தவறு, அதற்கு விளக்கக் கடிதம் வேண்டும், மெமோ வரும், வரட்டும். வேலாயுதபெருமாள் சார் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார், ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் வைத்தார். "உடல்நலக் குறைவு காரணமாகன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க டீச்சர். அது போதும்." எழுத ஆரம்பித்தாள், உடல்நல என்றதும் பேனா நின்றது. ராஜபுஷ்பம் அக்காவின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையிலும் இப்படித்தான் ஏதோ இருந்தது, படித்தால் எதுவும் தெரியாத ஒரு வரி. அடித்தாள். வயிற்றுப்போக்கு என்று எழுதினாள். எழுத்து கோணலாக வரவில்லை, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டையாக வந்தது. எந்த மாத்திரை என்று எழுதினாள், எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து. டாக்டர் மூன்று தடவை கேட்டும் மூன்று தடவையும் மறைத்ததை எழுதினாள். வல்லநாட்டில் பஸ்ஸை நிறுத்தியது வாந்திக்காக அல்ல என்று எழுதினாள். பதினொரு நாள் விட்டது, நேற்றைய எண், திரும்ப முழு அளவில் போட்டது, குடல் பழக நாள் ஆகும் என்று தெரிந்தே போட்டது. வலது கால் இரண்டாம் விரலில் மூன்று வாரமாக ஆறாத புண் இருக்கிறது, இதுவரை கணவருக்கும் காட்டவில்லை, இங்கிருந்து நேரே பாளையங்கோட்டைக்குப் போகிறேன் என்று எழுதினாள். மாணவி மீது எந்தத் தவறும் இல்லை என்று எழுதி அதன் கீழே கோடு போட்டாள். கை வலித்தது, நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி நல்லாருக்கு என்று எழுதிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. வயிறு லேசாக முறுக்கியது, பொறு, முடித்துவிட்டு வருகிறேன். சார் மேஜைக்கு எதிரிலிருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார், படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. "டீச்சர், இது மேல போகும். டிஇஓ ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் படிப்பாங்க." "படிக்கட்டும் சார்." "ஒரு வரி போதும்னு சொன்னேன்ல." தாளைத் திருப்பினாள், பின்பக்கமும் நிரம்பியிருந்தது. தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினாள்.

"இன்னொரு தாள் குடுங்க சார்" என்றாள்.